கப்பல் எப்போ ரெண்டா உடையும்? பரங்கிப்பேட்டை இரும்புல இருந்து எம்ஓஎல் கம்ஃபர்ட் வரைக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கி, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

கடலூர் ஓ.டி.யில இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். அவரோட அண்ணன் சரக்குக் கப்பல்ல வேலை பார்க்கிறார். "ப்ரோ, ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் நடுக்கடல்ல ரெண்டா உடைஞ்சு கிடக்கிற போட்டோ பார்த்தேன். அது நிஜமா? கட்டும்போதே கணக்குப் போட்டிருக்க மாட்டாங்களா?"

முதல் கேள்விக்குப் பதில்: நிஜம்தான். ரெண்டாவது கேள்விக்கும் பதில் ஆமாம்தான். கணக்குப் போட்டாங்க, அந்தக் கணக்கு அன்னைக்கு இருந்த விதிகளையும் பாஸ் பண்ணுச்சு. அப்புறமும் ஏன் உடைஞ்சது? இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுதான்.

முதல்லயே சொல்லிடறேன், நான் கப்பல் இன்ஜினியர் இல்ல. இன்ஜினியரிங் படிச்சிட்டு கோட் எழுதுற ஆள். ஆனா இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, நாம டெய்லி ஆபீஸ்ல பார்க்கிற பிரச்சினை மாதிரியே இருந்துச்சு. அதுக்கும் வரேன்.

கப்பல்ங்கிறது ஒரு நீளமான பீம்

சிவில், மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேப் ஞாபகம் இருக்கும். ஒரு பீமை ரெண்டு முனையில தாங்கி, நடுவுல எடை போடுவாங்க. பீம் வளையும். மேல் பக்கம் நசுங்கும், கீழ்ப் பக்கம் இழுபடும். நடுவுல ஒரு கோட்டுல நசுக்கலும் இருக்காது, இழுப்பும் இருக்காது. அதுக்குப் பேரு நியூட்ரல் ஆக்ஸிஸ்.

300 மீட்டர் நீளக் கப்பலும் இதே மாதிரி ஒரு பீம்தான். மேல்தளம் பீமோட மேல் பக்கம், அடித்தட்டு கீழ்ப் பக்கம். என்ன வித்தியாசம்னா, இந்த பீமைத் தாங்குறது கடல். அந்தத் தாங்கல் ஒரே இடத்துல நிக்காது.

கப்பல் நீளத்துக்கு ஏறக்குறைய சமமான நீளத்துல ஒரு அலை வருதுன்னு வெச்சுக்கோங்க. அலையோட முகடு கப்பலோட நடுவுல இருந்தா, நடு தூக்கப்படும், ரெண்டு முனையும் கீழ தொங்கும். கப்பல் பூனை முதுகை வளைக்கிற மாதிரி வளையும். இதை ஹாகிங்னு சொல்வாங்க. அப்போ மேல்தளம் இழுபடும், அடித்தட்டு நசுங்கும். அதே முகடு ரெண்டு முனையிலயும் இருந்தா, நடு பழைய கயித்துக்கட்டில் மாதிரி தொய்யும். அது சாகிங். அப்போ மேல்தளம் நசுங்கும், அடித்தட்டு இழுபடும். ஒவ்வொரு அலைக்கும் இது மாறி மாறி நடக்கும், கப்பல் வேலை பார்க்கிற 20, 25 வருஷமும்.

அலையே இல்லாட்டியும் வளைவு இருக்கும். கப்பலோட எடை ஒரு மாதிரி பரவியிருக்கும், தண்ணி தூக்குற விசை வேற மாதிரி பரவியிருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் கூர்மையா இருக்கிறதால அங்க தண்ணி தூக்குறது கம்மி. நடு வயிறு அகலமா இருக்கிறதால அங்க தூக்குறது அதிகம். அதனால கன்டெய்னர் கப்பல்கள் அமைதியான தண்ணியில நிக்கும்போதே பெரும்பாலும் ஹாகிங்லதான் இருக்கும். அலை அதுக்கு மேல வந்து சேரும்.

ஒரு காலி தண்ணி பாட்டில் எடுங்க

இரும்பு உடையறதுன்னு சொன்னா, கயிறு அறுந்து போற மாதிரி பிய்ஞ்சு போறதுதான் மனசுல வரும். அதனால "ஸ்ட்ராங்கான ஸ்டீல் போட்டா போதுமே"ன்னு தோணும்.

ஒரு லிட்டர் காலி பாட்டிலை ரெண்டு கையால பிடிச்சு மெதுவா வளைச்சுப் பாருங்க. வெளிப்பக்கம் கிழியுதா? கிழியாது. வளைவோட உள்பக்கம் திடீர்னு மடங்கும், 'டப்'னு ஒரு சத்தம் வரும். அதுக்கப்புறம் அந்த பாட்டிலை வளைக்க ஒரு விரல் போதும்.

இந்த மடங்கலுக்குப் பேரு பக்லிங். கப்பலோட விதியை முடிவு பண்றது பெரும்பாலும் இதுதான். வெளியில இருந்து பார்த்தா கப்பல் பெரிய இரும்பு மலை மாதிரி இருக்கும். ஆனா அது 15, 20 மில்லிமீட்டர் பிளேட்டுகளை வெல்டிங் பண்ணி, உள்பக்கம் விறைப்புப் பட்டைகள் வெச்சு செஞ்ச ஒரு வெத்துப் பெட்டி. 300 மீட்டர் பெட்டிக்கு 20 மில்லிமீட்டர் சுவர்னா, விகிதத்துல அது பாட்டிலை விடவே மெல்லிசு.

இதுல இன்னொரு சிக்கல். மெல்லிய பிளேட் எப்போ பக்கிள் ஆகும்ங்கிறது ஸ்டீல் எவ்வளவு ஸ்ட்ராங்ங்கிறதை அவ்வளவா சார்ந்தது இல்ல. பிளேட்டோட தடிமன், அதுக்குக் கொடுத்திருக்கிற பட்டைகளோட இடைவெளி, இதுதான் முக்கியம். பக்கிள் ஆகுற அழுத்தம் தடிமனோட வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த பிளேட் தாங்குற மொத்த விசை தடிமனோட கனத்தைப் பொறுத்தது. துருவால தடிமன் 10 சதவீதம் குறைஞ்சா, மெல்லிய பிளேட் பக்கிள் ஆகாம தாங்குற விசை ஏறக்குறைய 27 சதவீதம் குறைஞ்சிடும். 0.9-ஐ மூணு தடவை பெருக்கிப் பாருங்க, வந்துடும். ஸ்ட்ராங்கான ஸ்டீல் கிடைச்சுதுன்னு பிளேட்டை மெல்லிசாக்கினா, இழுவையில ஜெயிச்சு நசுக்கலில தோத்துடுவோம்.

பரங்கிப்பேட்டை எங்க வருது?

இந்தப் பாடத்தை மனுஷங்க முதல் தடவையா ஒழுங்கா கத்துக்கிட்ட கதையில நம்ம ஊரு இருக்கு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல, வெள்ளாறு கடல்ல கலக்கிற இடத்துல பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல்சார் உயிரியல் மையம் இருக்கிற ஊர், பலருக்கும் தெரிஞ்சிருக்கும். 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒருத்தர், மதராஸ்ல கம்பெனி சர்வீஸ்ல இருந்தவர், இங்க ஒரு இரும்பு ஆலை நடத்தினார். சேலம் பக்கத்துத் தாது, மரக்கரி எரிபொருள். இங்க உருக்கின இரும்பு இங்கிலாந்துக்குப் போச்சு. அங்க பிரிட்டானியா பாலம் கட்ட அது பயன்பட்டதுன்னு இந்திய இரும்புத் தொழில் வரலாற்றை எழுதினவங்க குறிப்பிடுறாங்க. ஆலை 1860-களில் மூடப்பட்டுடுச்சு.

பிரிட்டானியா பாலம் வேல்ஸ்ல, மெனாய் நீரிணைக்கு மேல 1850-ல் திறந்த ரயில் பாலம். அப்போ வரைக்கும் யாரும் செய்யாத வேலை: இரும்பு பிளேட்டுகளால ஒரு பெரிய செவ்வகக் குழாய் பண்ணி, ரயிலை அதுக்குள்ள விடுறது. பெரிய இடைவெளி ஒவ்வொண்ணும் 140 மீட்டர். ராபர்ட் ஸ்டீஃபன்சன் தலைமை இன்ஜினியர். சோதனை பண்ணினவர் வில்லியம் ஃபேர்பெய்ர்ன். இவர் லண்டன் மில்வால்ல இரும்புக் கப்பல் கட்டினவர். கணக்குப் போட்டவர் ஈட்டன் ஹாட்ஜ்கின்சன்.

ஃபேர்பெய்ர்ன் வட்டம், நீள்வட்டம், செவ்வகம்னு விதவிதமா குழாய் மாடல் பண்ணி, எடை போட்டு உடைச்சுப் பார்த்தார். கீழ்ப் பக்கம் கிழியும்னுதான் எதிர்பார்ப்பு. ஆனா திரும்பத் திரும்ப மேல் பக்கம் சுருங்கி மடங்குச்சு. நம்ம பாட்டில் மாதிரியே. அதனால பாலத்தோட மேல் பக்கத்தை ஒத்த பிளேட்டா விடாம, சின்னச் சின்ன அறைகளா கட்டினாங்க.

அந்தப் பாடம் அப்படியே கப்பலுக்கு வந்துச்சு. 1858-ல் தண்ணியில இறங்கின புருனெலோட கிரேட் ஈஸ்டர்ன், 211 மீட்டர், மேல்தளத்துல இதே அறை அமைப்பு. 1860-ல் ஃபேர்பெய்ர்ன், கப்பலை ஒரு பீம் மாதிரி பார்த்துக் கணக்குப் போடணும்னு லண்டன்ல கப்பல் வடிவமைப்பாளர்கள் முன்னாடி கட்டுரை வாசிச்சார். அடுத்த நூறு வருஷம் உலகமே அப்படித்தான் கணக்குப் போட்டுச்சு.

ஒண்ணு விழுந்தா அடுத்தது

அந்தப் பழைய கணக்கு சிம்பிள். வளைக்கிற திருப்பு விசையைக் கண்டுபிடி, குறுக்குவெட்டோட செக்‌ஷன் மாடுலஸால வகுத்துடு, வர்ற அழுத்தம் அனுமதிச்ச அளவுக்குள்ள இருக்கான்னு பாரு. இது "இவ்வளவு வரைக்கும் பிரச்சினை இல்ல"ன்னு சொல்லும். "எப்போ உடையும்?"ங்கிற கேள்விக்குப் பதில் சொல்லாது.

1965-ல் கால்ட்வெல்னு ஒரு பிரிட்டிஷ் பேராசிரியர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கப்பல் தாங்கக்கூடிய உச்ச வளைவு விசை எவ்வளவு? அவரோட முறையில, குறுக்குவெட்டுல இருக்கிற எல்லாப் பகுதியும் ஒரே நேரத்துல தன்னோட உச்சத்தைத் தொடும்னு எடுத்துக்கிட்டார். நிஜத்துல அப்படி நடக்காது. ஒரு பிளேட் முதல்ல மடங்கும், அது சுமந்த பாரம் பக்கத்துல இருக்கிறதுக்குப் போகும்.

நம்ம ஆளுங்களுக்கு இது உடனே புரியும். பத்து சர்வர் இருக்கு. ஒண்ணு டவுன். அதோட டிராஃபிக் மத்த ஒன்பதுக்கும் போகுது. ஏற்கனவே 95 சதவீதத்துல ஓடிட்டிருந்த ஒண்ணு அடுத்ததா விழுது. அப்புறம் எல்லாம் சேர்ந்து விழுது. "பத்து சர்வரோட மொத்தக் கெபாசிட்டி இவ்வளவு"ன்னு கூட்டிப் பார்த்த எக்ஸெல் ஷீட் அப்போ உதவாது.

1977-ல் ஸ்மித்னு ஒருத்தர் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். இன்னைக்கும் சர்வதேச விதிகள்ல இருக்கிற முறை இதோட வாரிசுதான். கோட் எழுதுறவங்களுக்கு இது ஒரு ஃபார் லூப்:

கப்பலோட குறுக்குவெட்டை நூத்துக்கணக்கான துண்டாப் பிரி. ஒவ்வொரு துண்டும் ஒரு பட்டையும் அதோட ஒட்டின பிளேட்டும். அந்தத் துண்டை நசுக்கினா எவ்வளவு தாங்கும், மடங்கின பிறகு எவ்வளவு மிச்சம் தாங்கும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வளைகோடு வெச்சுக்கோ. இப்போ கப்பலைக் கொஞ்சமே கொஞ்சம் வளை. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சுமக்குதுன்னு பார்த்துக் கூட்டு. மடங்கின துண்டுகளால நியூட்ரல் ஆக்ஸிஸ் நகர்ந்திருக்கும், அதைத் திரும்பக் கண்டுபிடி. இன்னும் கொஞ்சம் வளை. திரும்பக் கூட்டு. கூட்டுத்தொகை ஏறிக்கிட்டே போய், ஒரு இடத்துல இறங்க ஆரம்பிக்கும். அந்த உச்சிதான் கப்பலோட உச்ச வலிமை. அதைத் தாண்டினா திரும்ப வழி இல்ல.

இந்த மாதிரி முறைகளைச் சோதிக்க ஒரு நிஜ உதாரணமும் கிடைச்சுது. 1980 ஜூலை 21, ராட்டர்டாம். எனர்ஜி கான்சன்ட்ரேஷன்னு 2 லட்சம் டன்னுக்கு மேல சுமக்கிற எண்ணெய்க் கப்பல். புயல் இல்ல, அலை இல்ல, துறைமுகத்துல கட்டி நின்னு எண்ணெய் இறக்கிட்டு இருந்துச்சு. நடுத் தொட்டிகள் காலியாகி, ரெண்டு பக்கமும் பாரம் நின்னதால ஹாகிங் எல்லை தாண்டி, அடித்தட்டு மடங்கி முதுகு முறிஞ்சுது. எந்தத் தொட்டியில எவ்வளவு இருந்ததுன்னு தெரிஞ்சதால, உடைச்ச விசையைத் துல்லியமாக் கணக்குப் போட முடிஞ்சுது. அதை வெச்சு முறைகளைச் சரிபார்த்தாங்க.

2013 ஜூன் 17

இப்போ தம்பி பார்த்த போட்டோவுக்கு வருவோம். எம்ஓஎல் கம்ஃபர்ட். 316 மீட்டர், ஜப்பான்ல நாகசாகியில மிட்சுபிஷி கட்டினது, 2008-ல் வேலைக்கு வந்தது. உடையும்போது வயசு வெறும் 5. துரு பிடிச்ச கிழட்டுக் கப்பல் இல்ல.

சிங்கப்பூர்ல இருந்து ஜித்தாவுக்கு, 4,382 கன்டெய்னரோட போயிட்டு இருந்துச்சு. தென்மேற்குப் பருவக்காற்று காலம், அரபிக்கடல் கொந்தளிப்பு. ஏமன் கரையில இருந்து சுமார் 200 கடல் மைல் தூரத்துல நடுவுல விரிசல் விட்டு, ரெண்டா உடைஞ்சுது. கப்பல்ல இருந்த 26 பேரும் உயிர்காப்புப் படகுகள்ல இறங்கி, அந்த வழியா வந்த இன்னொரு சரக்குக் கப்பலால காப்பாத்தப்பட்டாங்க. பின்பாதி 10 நாள் மிதந்து ஜூன் 27-ல் மூழ்குச்சு. முன்பாதியை இழுத்துட்டுப் போகும்போது தீப்பிடிச்சுது. நம்ம கடலோரக் காவல்படையோட சமுத்ர பிரஹரி தீயணைக்கப் போச்சு. ஜூலை 11-ல் அதுவும் மூழ்குச்சு. உடைஞ்ச இடம் கடலுக்கு அடியில போயிட்டதால, கையில எடுத்துப் பார்க்க எதுவும் இல்ல.

ஆனா அதே டிசைன்ல கட்டின சகோதரக் கப்பல்கள் இருந்துச்சு. போய்ப் பார்த்தா, சிலதுல நடுப்பகுதி அடித்தட்டுல பிளேட் 20 மில்லிமீட்டர் அளவுக்குப் புடைச்சிருந்துச்சு. அதாவது பாட்டில் 'டப்'னு மடங்குறதுக்கு முன்னாடி லேசா குழியுமே, அந்த நிலை.

சான்று கொடுத்த கிளாஸ்என்கே அமைப்போட விசாரணை 2014-ல் சொன்னது இதுதான். கப்பல் ஹாகிங்ல வளையும்போது அடித்தட்டு நீளவாக்குல நசுங்குது. அதே நேரத்துல கீழ இருந்து கடல்நீர் அழுத்தம் அடித்தட்டை மேல தள்ளுது, அதனால அது குறுக்குவாக்குலயும் வளையுது. ரெண்டும் ஒரே பிளேட்ல, ஒரே நேரத்துல. அந்தக் கூட்டுப் பளு பிளேட்டோட தாங்கும் திறனைக் கணிசமாக் குறைச்சிடுச்சு. இதுக்கு மேல, முன்பகுதி அலையில அறையும்போது முழுக் கப்பலும் தட்டின ஸ்டீல் ஸ்கேல் மாதிரி அதிரும். விப்பிங்னு பேரு. அந்த அதிர்வு வளைவு விசையை இன்னும் ஏத்தும்.

நீளவாக்கு வளைவுக்குத் தனியா செக் இருந்துச்சு. அடித்தட்டு அழுத்தத்துக்குத் தனியா செக் இருந்துச்சு. ரெண்டும் பாஸ். யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை, இன்டெக்ரேஷன் டெஸ்ட் எழுதவே இல்ல. நான் சொன்ன ஆபீஸ் பிரச்சினை இதுதான்.

சகோதரக் கப்பல்களோட அடிப்பகுதியைப் பலப்படுத்தினாங்க. 2015-ல் சர்வதேச கிளாஸ் அமைப்புகளோட கூட்டமைப்பு கன்டெய்னர் கப்பலுக்குப் புது விதி கொண்டு வந்துச்சு. 2016 ஜூலை 1-ல இருந்து ஒப்பந்தம் போடுற கப்பல்களுக்கு உச்ச வலிமைக் கணக்கு கட்டாயம், நீர் அழுத்தத்தையும் வளைவையும் சேர்த்துப் பார்க்கணும், பெரிய கப்பல்கள்ல விப்பிங்கையும் கணக்குல எடுக்கணும்.

உள்ள போற டேட்டா சரியா?

மாடல் எவ்வளவு நல்லதா இருந்தாலும், உள்ள போடுற எண் தப்பா இருந்தா பதிலும் தப்புதான். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாய்ல எம்எஸ்சி நாப்போலின்னு ஒரு கன்டெய்னர் கப்பல், இன்ஜின் ரூம் பக்கத்துல மடங்குச்சு. அங்கயும் 26 பேர், எல்லாரும் தப்பிச்சாங்க. நடுப்பகுதிக்கு இருந்த பக்லிங் செக், அந்தப் பின்பகுதிக்கு அப்போ விதிப்படி தேவையில்லாம இருந்துச்சு. பிரிட்டிஷ் விசாரணைக்காரங்க, தளத்துல நனையாம இருந்த 660 கன்டெய்னரை எடை போட்டாங்க. 137-ல், பேப்பர்ல எழுதின எடைக்கும் நிஜ எடைக்கும் 3 டன்னுக்கு மேல வித்தியாசம். அஞ்சுல ஒண்ணு.

யாரோ ஒரு குடோன்ல உட்கார்ந்து குத்துமதிப்பா எழுதின எண், கப்பலோட வளைவுக் கணக்குக்குள்ள போகுது. 2016 ஜூலை 1-ல இருந்து, சரக்கு ஏத்துன கன்டெய்னரோட எடையைச் சரிபார்த்துக் கொடுக்காம கப்பல்ல ஏத்தக் கூடாதுன்னு உலகளாவிய விதி வந்திருக்கு.

கடலூர்க்காரங்களுக்கு இதுல புரியற இன்னொரு விஷயம் உண்டு. கடலூர் பழைய துறைமுகத்துல முன்னாடி பெரிய கப்பல் கரைக்கே வராது. வெளியே கடல்ல நங்கூரம் போட்டு நின்னுச்சு, பார்ஜ் போய்ச் சரக்கை இறக்கிட்டு வந்துச்சு. எந்த அறையை முதல்ல காலி பண்றதுங்கிறது இப்போ வெறும் வசதி சம்பந்தப்பட்ட கேள்வி மாதிரி தெரியாது, இல்லையா? நடுவை முதல்ல காலி பண்ணிட்டு ரெண்டு பக்கமும் விட்டு வெச்சா என்ன ஆகும்னு ராட்டர்டாம்ல பார்த்தோம். அதனாலதான் பெரிய கப்பல்கள்ல லோடிங் கம்ப்யூட்டர்னு ஒண்ணு இருக்கும். ஒவ்வொரு அறையிலயும் எவ்வளவுன்னு போட்டா, ஒவ்வொரு இடத்துலயும் வளைவு விசை அனுமதிச்ச அளவுல எத்தனை சதவீதம்னு காட்டும். சீஃப் ஆபீஸர் அதைப் பார்த்துட்டுத்தான் வரிசையை முடிவு பண்ணுவார்.

அப்போ அண்ணன்?

தம்பி, உங்க அண்ணன் போற கப்பல் உடையுமான்னு பயப்படறதுக்காக இந்த எபிசோட் இல்ல. உலகத்துல ஆயிரக்கணக்கான கப்பல்கள் தினமும் இதே அலையில வளைஞ்சு நிமிர்ந்து ஊர் போய்ச் சேருது. ஆனா ஒரே கப்பலோட வரைபடத்தைப் பல குழுக்களுக்குக் கொடுத்து உச்ச வலிமையைக் கணிக்கச் சொன்னா, இன்னைக்கும் பதில்கள் கொஞ்சம் முன்ன பின்னதான் வருது. வெல்டிங்ல பிளேட் எவ்வளவு நெளிஞ்சிருக்கும், துரு எவ்வளவு தின்னிருக்கும், எந்தெந்தப் பளு ஒண்ணா வரும்னு ஒவ்வொருத்தரும் எடுத்துக்கிற அனுமானம் வேற. அதுக்காகத்தான் பாதுகாப்பு இடைவெளி விடுறாங்க.

அண்ணன் அடுத்த தடவை லீவுல வரும்போது ரெண்டு விஷயம் கேளுங்க. டிரை டாக்ல கப்பல் ஏறினப்போ அடித்தட்டுத் தடிமனை அளந்தாங்களா, புடைப்பு எதுவும் பார்த்தாங்களா? சரக்கு ஏத்தும்போது லோடிங் கம்ப்யூட்டர்ல வளைவு எத்தனை சதவீதம் காட்டுச்சு? அவர் சொல்ற பதிலை எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். பரங்கிப்பேட்டை இரும்பு ஆலை பத்தி ஊர்ப் பெரியவங்க சொன்ன கதை யார்கிட்டயாவது இருந்தா அதையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.